அரையாளின் எட்டாம் படி

வீடு தேடி வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதற்கு நான் அம்மாவிடம் சொன்ன காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். சிட்டு என்று ஒருத்தி இருந்தாள். மூன்றடி உயரம், கையில் குட்டை வாள், இருப்பதெல்லாம் ஒரு காகிதத்தில். அவள் ஒன்பதாம் படி ஏறும்வரைதான் காத்திருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் பஸ்ஸில் நாற்பது பேர் சிரித்துவிட்டு அப்புறம் அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் கம்பெனி பஸ் வடக்குப்பட்டில் புறப்பட்டு, ஒரகடம், பிள்ளைப்பாக்கம் எல்லாம் தொட்டு, மண்ணூர் பக்கம் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிக்கு வரும். நான் பிள்ளைப்பாக்கத்தில் ஏறுவேன். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. பஸ்ஸின் கிளீனர் புருஷோத்தமன், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். கிளீனர் என்றால் அவருக்குக் கோபம் வரும், பி.ஏ. இங்கிலீஷ், இரண்டு பேப்பர் பாக்கி. மாமாவுடைய பஸ் என்பதால் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பஸ் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் போகும். அப்படிப் போன ஒரு நாள் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு இங்கிலீஷ் புத்தகமும் ஒரு பையில் தாயக்கட்டைகளும் கிடந்தன. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் வைத்த தாயக்கட்டைகள். மூன்று ஞாயிறு கழிந்தும் யாரும் கேட்டு வரவில்லை. அண்ணன் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அது ஒரு கதை விளையாட்டு. அண்ணன் கதை சொல்வார்: குகை, காடு, கல்லரக்கன். நாம் அதற்குள்ளே ஒரு ஆளாக இருந்துகொண்டு என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பது தாயக்கட்டை கையில். டிபன் பாக்ஸ் மூடியில் உருட்டுவோம், இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில் ஓடிவிடும். டிரைவர் பிரேக் போட்டால் மறுபடி உருட்ட வேண்டும் என்பது எங்கள் பஸ்ஸுக்கு மட்டுமே உள்ள சட்டம்.

முதலில் ஆளை உண்டாக்க வேண்டும். அதற்கு இரண்டு கேள்வி. என்ன பிறப்பு, என்ன வேலை. பிறப்பில் நாலு வகை: மனுஷர், குள்ளர், வனவாசி, அரையாள். வேலையில் நாலு வகை: வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர். இரண்டையும் நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னதும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொறப்ப நாமளே எடுத்துக்கலாமா? இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணா, நான் வேற எங்கனா பொறந்திருப்பேனே!" பஸ்ஸே சிரித்தது.

அந்தக் குரல் செந்தமிழனுடையது. வடக்குப்பட்டு ஆள், டூல் ரூமில் வேலை.

பொங்கல் முடிந்த வாரம் அது. நான் மந்திரவாதி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்தில் இருந்த கங்கா முந்திக்கொண்டாள். கங்காவும் நானும் ஒரே மேஜையில் காயில் சுற்றுகிறவர்கள். அவள் எதிலும் முந்திக்கொள்வாள். நான் யோசித்துக்கொண்டிருக்கையில் செந்தமிழன் எழுந்து நின்று சொன்னான்.

"ஜோதிக்கு அரையாள் போடுங்கண்ணா. அளவெடுத்துத் தச்சா மாரி கீது."

நான் நாலடி பத்தங்குலம். அது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். கோபத்தில் காது சுட்டது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அரையாள் வீரரா போடுங்க. வெட்றதுக்கு ஒருத்தர் பேர் இருக்குது" என்றேன். அப்படிப் பிறந்தவள்தான் சிட்டு.

எங்கள் கம்பெனியில் ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. அந்தப் பழக்கத்தில் விளையாட்டுக்கும் ரிலீவர் வந்துவிட்டார்கள். பெண்களுக்குச் சட்டப்படி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மட்டும்தான். ஆண்களுக்கு வாரம் மாறி வாரம் மூன்று ஷிஃப்டும். அண்ணன் எல்லா டிரிப்பிலும் இருப்பார். பஸ்ஸில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு கதை நகரும். அதனால் ஒரு ஆளுக்கு இரண்டு பேர் என்று வைத்தோம். சிட்டுவுக்கு நானும் செந்தமிழனும். அவன் நைட் ஷிஃப்ட் என்றால் காலையில் கேட்டில் நான் இறங்குவேன், அவன் ஏறுவான். நடுவில் அஞ்சு நிமிஷம். சிட்டுவின் காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கை மாற்றிக்கொள்வோம்.

டூல் ரூம்காரர்களுக்கு ஒரு கை வாகு உண்டு. எதை எழுதினாலும் கீழே தேதி, ஷிஃப்ட், சுருக்கொப்பம். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி அழிக்கக் கூடாது. அடியிலிருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, ஒப்பமிட வேண்டும். ஏழு என்ற எண்ணைக்கூட நடுவில் கோடு போட்டுத்தான் எழுதுவார்கள், ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாதாம். லாக் புக்கில் எழுதி எழுதி செந்தமிழனுக்கு அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. சிட்டுவின் காகிதத்தின் பின்பக்கத்திலும் அப்படித்தான் எழுதுவான். "சிட்டு இன்று ஆற்றைக் கடந்தாள். செருப்பு நனைந்தது." கீழே தேதி, நைட் ஷிஃப்ட், செ.

பிப்ரவரியில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். திரும்பி வந்து பார்த்தால், "ஆள் இல்லாமல் சிட்டு சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் சுற்றிய காயிலில் பாதியைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டியதாயிற்று.

அவன் ஷிஃப்டும் என் ஷிஃப்டும் ஒன்றாக வருகிற வாரங்களில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். ஆனாலும் சிட்டு என்ன செய்ய வேண்டும் என்று அண்ணன் கேட்கும்போது இரண்டு பேரும் ஒரே பதிலை ஒரே நேரத்தில் சொல்வோம். கங்கா என் தொடையைக் கிள்ளுவாள். மார்ச் மாதம் ஒரு நாள் எனக்குத் தைரியம் வந்தது, அல்லது புத்தி போயிற்று. காகிதத்தின் பின்னால் எழுதினேன்: "எவ்வளவு நாளைக்குப் பேப்பரிலேயே பேசுவது? நாங்க வேதக்காரங்க. உங்க வீட்டில் ஒத்துக்கொள்வார்களா? முடியும் முடியாது எதுவானாலும் சொல்லிவிடுங்கள்."

மறுநாள் காலை அவன் காகிதத்தை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் படி ஏறியவர்களுக்கு ராஜா நிலம் கொடுப்பார், அதில் சொந்தமாகக் கோட்டை கட்டலாம் என்று அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தார். அதை வைத்து எழுதியிருந்தான். "சிட்டு ஒன்பதாம் படி ஏறி நிலம் வாங்கும் வாரம் உங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசுகிறேன். 14-3-91. நைட் ஷிஃப்ட். செ."

அன்றைக்கு சிட்டு மூன்றாம் படியில் இருந்தாள்.

நான் வெறி பிடித்தவளாக விளையாடினேன். கொன்றால்தான் புள்ளி, புள்ளி சேர்ந்தால்தான் படி. மற்றவர்கள் ஒளிந்து போகிற இடத்தில் சிட்டு வாளை உருவிக்கொண்டு போவாள். மே மாதக் கடைசியில், பக்கத்து ஊரில் குண்டு வெடித்த பிறகு, ஊர் முழுக்கப் போலீஸாக இருந்து பஸ் ஓடாத நாட்களில், மற்றவர்களுக்குச் சம்பளக் கவலை, எனக்குப் புள்ளிக் கவலை. ஆனால் செந்தமிழன் கையில் சிட்டு பயந்தாங்கொள்ளி. "சிட்டு குகைக்கு வெளியே காவல் இருந்தாள். சண்டை இல்லை. காயம் இல்லை. 13-8-91. செகண்ட் ஷிஃப்ட்." இப்படியே பக்கம் பக்கமாக. புள்ளி ஒன்றும் ஏறாது. கங்கா திட்டினாள், "இன்னாடி ஒன் ஆளு, சிட்டுவ தின்னிமாடா வளக்குறான்." நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று பார்க்கிறான், அப்படியானால் என்னை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். என் மடத்தனத்துக்கு அளவே இல்லை.

அதே ஆகஸ்டில்தான் ஆவடி மாப்பிள்ளை வந்தார். சொந்தமாக லேத் பட்டறை, அடக்கமான ஆள், எங்கள் சபைதான். என் அம்மா ஞானம்மா, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் ஆயா. அப்பா போன பிறகு தனியாக என்னை ஆளாக்கியவள். அந்தப் பையனைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் பத்து வருஷம் குறைந்துவிட்டது. சிட்டு அப்போது ஆறாம் படி.

"இன்னும் கொஞ்ச நாள் போட்டும்மா" என்றேன்.

"இன்னாத்துக்குடி? அந்தப் புள்ளைக்கு இன்னா கொறச்சல்?"

"ஒண்ணும் கொறச்சல் இல்ல. எனக்கு இப்ப வேணாம்."

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தப் பையனுக்கு நவம்பரில் திருமணம் நடந்தது. எங்கள் சபையில்தான். அம்மா போய் வாழ்த்திவிட்டு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. செந்தமிழனுக்கு நைட் ஷிஃப்ட் வாரம். காலையில் காகிதத்தைக் கொடுக்கும்போது, "கல்லரக்கன்கிட்ட இப்பவே போவணுமா? மொள்ளமா போவலாமே ஜோதி" என்றான். "நீங்க பயந்துகினே இருங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

சாயங்கால பஸ் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் திரும்பும்போது இருபது முகக் கட்டையில் எனக்கு இருபது விழுந்தது. கல்லரக்கன் சாய்ந்தான். பஸ்ஸில் விசில். கங்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். எட்டாம் படிக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இப்போது சேர்ந்த புள்ளி எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒன்பதுக்குப் போதும். இந்த வாரமே, இந்த வாரமே என்று உள்ளே யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டூல் பாக்ஸைத் திறந்து தன் நோட்டை எடுத்தார். புத்தகத்தை அவர் தமிழில் எழுதி வைத்திருந்த நோட்டு அது. வேறு யாரும் தொடக் கூடாது. கதை சொல்கிறவர் மட்டுமே பார்க்க வேண்டிய சட்டங்கள் அதில் இருந்தன. ஒரு பக்கத்தைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னந்தலையைச் சொறிந்தார்.

"ஜோதி, ஒரு சிக்கல் கீதும்மா. அரையாளுக்கு எட்டோட சரி."

"சரின்னா?"

"அதுக்கு மேல ஏற முடியாது. குள்ளருக்குப் பன்னெண்டு, வனவாசிக்குப் பத்து, அரையாளுக்கு எட்டு. மனுசருக்குத்தான் எல்லையே கெடையாது. பொறப்புலயே அப்டி. நீங்கல்லாம் அஞ்ச தாண்ட மாட்டீங்கன்னு நான் சொல்லாமயே வுட்டேன்."

நம்பாமல் நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அண்ணன் தடுக்கவில்லை. ஒரு கட்டம் போட்ட அட்டவணை. வரி வரியாக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, முத்துமுத்தான எழுத்து. படிகளின் எண்கள் ஒன்றிலிருந்து வரிசையாக இருந்தன. ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு.

பக்கத்தின் கீழே: 9-1-91. நைட் ஷிஃப்ட். செ.

"இது யார் எழுதனதுண்ணா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"செந்தமிழந்தான். ஓடற பஸ்ல எழுதன என் கையெழுத்து எனக்கே புரியல. மொத பத்துப் பக்கம் அவன்தான் டூல் ரூம்ல குந்திகினு காப்பி பண்ணிக் குடுத்தான்."

ஜனவரி ஒன்பது. சிட்டு பிறப்பதற்கு முன்பு. மார்ச் பதினாலுக்கு இரண்டு மாதம் முன்பு. பஸ் என் ஸ்டாப்பில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. கங்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்கு எல்லாம் தெரியுமே, அவசரமாகச் சொன்னாள்: "அடிப்பாவி, காப்பி பண்றவன் படிச்சிகினா காப்பி பண்ணுவான்? லாக் புக் எழுதறதெல்லாம் அவங்க தலையில நிக்குமா? சும்மா எழுதியிருப்பான்டி."

அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மைதானே, நான்கூட முந்நூறு சுற்று சுற்றும்போது எதை நினைத்துச் சுற்றுகிறேன்?

அண்ணனுக்கு என் விஷயம் எதுவும் தெரியாது. ஆனால் நான் அழப்போகிறேன் என்பது தெரிந்துவிட்டது. "இன்னா பெரிய ரூலு? வெள்ளக்காரன் வந்து கேக்கப் போறானா? இந்த பஸ்ல நான் சொல்றதுதான் ரூலு. ஒம்போதுன்னு போட்டுக்க, போ" என்றார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினேன். எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன். நோட்டைப் பார்த்ததாகச் செந்தமிழனிடம் சொல்ல மாட்டேன்; ராத்திரி டிரிப்பில் எதையும் சொல்ல வேண்டாம் என்று அண்ணனிடமும் கேட்டுக்கொண்டேன். ஒன்பது என்று காட்டுவேன். சட்டம் தெரியாதவனாக இருந்தால் சந்தோஷப்படுவான், அல்லது பயப்படுவான். பயந்தால்கூடப் பரவாயில்லை, எங்கள் அம்மாவைப் பார்த்தால் யாருக்கும்தான் பயம் வரும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இந்த ஞாயிறு கறி எடுக்கலாமா என்றுகூடக் கேட்டேன்.

புதன்கிழமை காலை. கேட்டில் பனி. நைட் ஷிஃப்ட் முடித்த ஆட்கள் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். செந்தமிழன் கையில் டீ கிளாஸ். நான் நேரே போய்க் காகிதத்தை நீட்டினேன்.

"ஒம்போது ஏறிட்டேன்."

அவன் காகிதத்தைப் பார்த்தான். ஒரு நொடிகூட ஆகவில்லை. அளவு பார்க்கிற கேஜில் பொருந்தாத ஒரு உருப்படியைக் கொடுத்தால் எப்படிச் சொல்வானோ அப்படி, யோசிக்காமல், வாயிலிருந்து வந்தது.

"அதெப்டி? அரையாளுக்கு எட்டோட சரியாச்சே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. டீ கிளாஸ் கையில் அப்படியே நின்றது. கங்கா என் பின்னால் நின்று, "அட கர்த்தாவே" என்றாள். அவள் வேதக்காரியே இல்லை.

"ஜோதி, அது வந்து..."

"எப்பலேந்து தெரியும்?"

தரையைப் பார்த்தான். "எங்க அக்கா பொண்ண எனக்குன்னு அவ பொறந்தப்பவே பேசி வச்சிட்டாங்க. ஒன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சொன்னா நீ பேசமாட்ட, சிட்டுவ வேற யாருக்கனா குடுத்துடுவ. மூணாவது படில இருந்துச்சி. நீ எட்டு வரிக்கும் வருவன்னு நான் நெனைக்கவே இல்ல ஜோதி. நடுவுல வுட்டுடுவன்னு நெனச்சேன்."

இதுவரை அவனை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"முடியாதுன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமே நீ. மார்ச்சுலயே எழுதியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பேன். ஆகஸ்டுல எங்கம்மா சோறு துன்னிருக்கும்."

அவன் கண் கலங்கியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவன் என்னை விரும்பியதும் நிஜம், என்னை எட்டாம் படியில் நிறுத்தி வைத்ததும் நிஜம். சங்கு ஊதியது. காகிதத்தை அவன் கையிலேயே விட்டுவிட்டு கார்டு போட ஓடினேன்.

அன்றைக்கு முழுக்க நான் அழவில்லை. ஒரு காயில்கூடத் தப்பாகவில்லை; சூப்பர்வைசர் கூப்பிட்டுப் பாராட்டினார். கைக்கு மனசு தேவையில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்கால பஸ்ஸில் அண்ணன் டூல் பாக்ஸைத் திறந்தார். சிட்டுவின் காகிதம் எப்போதும் இருக்கிற இடத்தில், பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. காலை டிரிப்பில் அவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாங்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஏதாவது எழுதியிருப்பான் என்ற நப்பாசை விடவில்லை. மன்னிப்பு, இல்லை வருகிறேன் என்று ஒரு வரி, எதுவோ. பின்பக்கத்தைத் திருப்பினேன். புதிதாக எதுவும் இல்லை. முன்பக்கத்தைத் திருப்பினேன்.

நான் எழுதிய ஒன்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தான். அடியிலிருப்பது தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் 8 என்று முத்தாக எழுதி, ஒப்பமிட்டிருந்தான். 11-12-91. நைட் ஷிஃப்ட். செ.

கங்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதேன். பிள்ளைப்பாக்கம் வந்ததும் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், நான் எழுந்திருக்கும்வரை காத்திருந்தார்.